அடிபம்பும் ஆழ்கடலும்: கடற்கழிப்பியலில் ஒரு தொடக்க ஆய்வு

குளச்சல் போரைப் பற்றி எழுதியவர்கள் ஏறக்குறைய எல்லாவற்றையும் எழுதிவிட்டார்கள். 1741இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை எப்படி மடக்கியது, பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய் எப்படித் திருவிதாங்கூரின் வலிய கப்பித்தான் (பெரிய படைத்தலைவர்) ஆனார், உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை எங்கே இருக்கிறது என்பதுவரை பதிவாகியிருக்கிறது. குளச்சலுக்கு அப்பால் நங்கூரம் பாய்ச்சி நின்ற கப்பல்களில் மாலுமிகள் காலைக்கடனை எங்கே கழித்தார்கள் என்பதை மட்டும் வரலாற்றுத் துறை தொடவே இல்லை. இந்தக் கட்டுரை அந்த இடைவெளியிலிருந்து தொடங்குகிறது.

விடை கிடைக்காத கேள்வியல்ல இது. அக்காலப் பாய்க்கப்பல்களில் சாதாரண மாலுமிகளின் கழிப்பிடம் அணியத்தில், கப்பலின் மூக்கை ஒட்டி, ஓட்டை போட்ட பலகையாக இருந்தது. காற்று பின்னாலிருந்து தள்ளும் கப்பலில் நாற்றம் முன்னால் போய்விடும் என்பது கணக்கு. அலை மோதிக் கழுவிவிடும் என்பது உபரி லாபம். சுத்தம் செய்துகொள்ள, நுனியைப் பிரித்துவிட்ட நீளக் கயிறு ஒன்று கடலில் தொங்கும். கப்பலில் இருநூறு பேர் இருந்தாலும் கயிறு பொதுதான். அதிகாரிகளுக்குப் பின்பக்கத்தில் தனி இடம் உண்டு. அவர்கள் கயிற்றைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அதே கடலில் கட்டுமரத்தில் போன குளச்சல்காரருக்கு இந்தக் கட்டுமானம் எதுவும் தேவைப்படவில்லை. நாலைந்து தடிகளைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரத்தில் தண்ணீர் இடுக்கு வழியே வந்து இடுக்கு வழியே போகும். டச்சுக்காரர் தச்சர் வைத்து வெட்டிய ஓட்டை இங்கே பிறவியிலேயே அமைந்திருந்தது. தொழில்நுட்ப மேன்மை என்று பேசுகிறவர்கள் பீரங்கியோடு நிறுத்திக்கொள்வது நியாயமல்ல.

இந்த அடிப்படையில் கடற்கழிப்பின் வரலாற்றைக் கட்டுமரக் காலம், வாளிக் காலம், பம்புக் காலம் என்று பகுக்கலாம். வாளிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வாளி பழுதாவதில்லை, பழுதாகாத பொருளை வைத்து யாரும் ஆய்வேடு எழுத முடியாது.

பம்புக் காலம் அப்படியல்ல. முப்பது, நாற்பது அடி நீளமுள்ள உல்லாசப் பாய்மரப் படகுகளில் இன்றைக்கும் பரவலாக இருப்பது ஜாப்ஸ்கோ போன்ற கம்பெனிகள் செய்யும் கைப்பம்புக் கழிவறை. சிறிய பீங்கான் கிண்ணம், அதன் பக்கவாட்டில் நிமிர்ந்து நிற்கும் ஒரு பம்பு. மின்சாரமும் மேல்தொட்டியும் வேண்டாம். கைப்பிடியை மேலே இழுத்தால் பிஸ்டனுக்குக் கீழே உள்ள அறை கிண்ணத்தில் இருப்பதை உறிஞ்சும். மேல் அறையில் இருந்த கடல்நீர் கிண்ணத்துக்குள் பாயும். கீழே அழுத்தினால் உறிஞ்சியது படகுக்கு வெளியே போகும். மேல் அறையில் புதுக் கடல்நீர் நிறையும். கூடவே ஒரு சிறு நெம்பு. அதை ஒரு பக்கம் தள்ளினால் கடல்நீர் வரும், மறுபக்கம் தள்ளினால் வரவு நின்று கிண்ணம் காலியாகும். சாய்ந்தோடும் படகில் நின்றபடி இதையெல்லாம் செய்ய முடியாது. ஆகவே ஆண்களும் உட்கார்ந்தே ஆகவேண்டும் என்பது பல படகுகளில் கேப்டனின் கட்டளை.

குமரி மாவட்டத்தின் வடசேரியிலோ தக்கலையிலோ அடிபம்பு பழுதுபார்க்கும் ஒருவரிடம் இதைப் பிரித்துக் காட்டினால் அவர் வியந்துபோக மாட்டார். “வாசரு போயிருக்குல்லா, அண்ணாச்சி” என்பார். பெரும்பாலும் அதுதான் உண்மையாகவும் இருக்கும். பிஸ்டனைச் சுற்றிய ரப்பர் வளையம் உலர்ந்தால் கைப்பிடி இறுகும். தேய்ந்தால் உறிஞ்சல் போய்விடும். கையில் கிடைத்த பெட்ரோலியக் கிரீசைப் பூசினால் சில ரப்பர்கள் உப்பிக்கொள்ளும் என்பதால் சிலிக்கான் கிரீஸ் தேடுவார்கள்.

வாசரோடு விஷயம் முடிவதில்லை. கழிவு வெளியேறும் வழியில் ஜோக்கர் வால்வு என்று ஒரு ரப்பர் துண்டு உண்டு. கூம்பிய அதன் நுனியில் கீறல்கள் இருக்கும். உள்ளிருந்து தள்ளினால் விரியும், வெளியிலிருந்து தள்ளினால் மூடிக்கொள்ளும். நாள்பட அது தளர்ந்துபோகும். அனுப்பிவைத்தது திரும்பி வந்து கிண்ணத்தில் நின்று நலம் விசாரிக்கும். அனுபவசாலிகள் ஆண்டுக்கொரு முறை அதை மாற்றிவிடுகிறார்கள். அனுபவம் இல்லாதவர்களுக்கு அந்த ஆண்டுக்குள் அது கிடைத்துவிடுகிறது.

அடுத்தது குழாய். சிறுநீரும் கடல்நீரும் சேர்ந்தால் கால்சியம் உப்புகள் உள்சுவரில் கல்லாகப் படியும். ஒன்றரை அங்குலக் குழாய் சில ஆண்டுகளில் விரல் நுழையாத துளையாகிவிடும். வினிகர் ஊற்றி ஊறவைத்துக் கரைப்பது சாத்வீக முறை. குழாயைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்து கான்கிரீட்டில் ஓங்கி ஓங்கி அடித்து, கல்லை உதிர்ப்பது மற்றொரு முறை. உலகமெங்கும் படகுத்துறைகளில் சீமான்கள் இப்படிக் குழாய் துவைத்துக்கொண்டிருக்கிறார்கள். பழையாற்றங்கரையில் துவைகல் பார்த்து வளர்ந்தவருக்கு இதில் பயிற்சி தேவைப்படாது.

நாற்றத்தைப் பற்றிப் பரவியிருக்கும் ஓர் அவதூறையும் இங்கே களைந்தாக வேண்டும். பூட்டிவைத்த படகைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை அடித்தால், கடைசியாக உள்ளே போனவரைச் சந்தேகிப்பார்கள். பல நேரம் குற்றவாளி கடல்தான். குழாயில் தேங்கிய கடல்நீரில் நுண்ணுயிர்கள் செத்து அழுகும்போது, கடல்நீரிலுள்ள சல்பேட்டைப் பயன்படுத்தும் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும். படகைப் பூட்டுமுன் நல்ல தண்ணீரை விட்டு நாலு அடி பம்பு அடித்தால் போதும். நிரபராதிகள் தப்புவார்கள்.

இவையெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாங்கக்கூடியவை. உயிருக்கே உலை வைப்பது வேறொன்று. கிண்ணம் கடல்மட்டத்துக்குக் கீழே இருந்து, அடிப்பலகையில் உள்ள வால்வைத் திறந்தே விட்டுவிட்டால், கடல்நீர் தானாகவே குழாய் வழி ஏறி வழிந்து படகையே அமிழ்த்திவிடும். அதைத் தடுக்கத்தான் குழாயைக் கடல்மட்டத்துக்கு மேலே வளைத்து ஏற்றி, உச்சியில் காற்று புகும் சிறு வால்வு வைக்கிறார்கள். அந்தச் சிறு வால்வில் உப்பு அடைத்துக்கொண்டால் பழைய கதைதான்.

இத்துறையின் ஆகப்பெரிய வரலாற்று நிகழ்வு பாய்மரப் படகில் நடந்ததல்ல. 1945 ஏப்ரல் 14 அன்று ஸ்காட்லாந்துக்கு அருகே ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் யூ-1206 தன் கழிவறையால் அழிந்தது. ஆழத்திலிருந்தபடியே கழிவை உயர் அழுத்தத்தில் வெளியேற்றும் புதுவகைக் கழிவறை அது. வால்வு பிசகிக் கடல்நீர் உள்ளே பாய்ந்து பேட்டரிகளில் பட்டது, குளோரின் வாயு கிளம்பியது, கப்பல் மேலே வந்தது, விமானங்கள் தாக்கின, கடைசியில் கைவிட்டு மூழ்கடித்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். யார் வால்வைத் திருகியது என்பதில் பாடபேதம் உண்டு. கேப்டன் ஷ்லிட் தாமே கழிவறைக்குப் போய்த் தப்பாகத் திருகினார் என்பது மக்கள் வழக்கு. தாம் எஞ்சின் அறையில் இருந்தபோது கப்பலின் முன்பக்கத்தில் நீர் புகுந்தது என்பது அவருடைய அறிக்கை. இரண்டில் எது மூலபாடம் என்று தீர்மானிப்பதைவிட, எந்தக் கேப்டனாக இருந்தாலும் எந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பார் என்று யோசிப்பது எளிது.

பழுதுபார்ப்பதா, புதிது வாங்குவதா என்ற கேள்வி படகோட்டிகளை இரண்டு சமயங்களாகப் பிரித்திருக்கிறது. வால்வு, வளையம், திருகாணி எல்லாம் அடங்கிய பொட்டலம் வாங்கி மாற்றலாம் என்பவர்கள் ஒரு பக்கம். முழுப் பம்பையும் கழற்றி எறிந்து புதிது பூட்டினால் கை அழுக்காகும் நேரமாவது மிச்சம் என்பவர்கள் மறுபக்கம். முதல் தரப்பு பணத்தைக் கணக்கிடுகிறது, இரண்டாம் தரப்பு குமட்டலைக் கணக்கிடுகிறது. இரு தரப்புமே ஒத்துக்கொள்வது ஒன்றை: வேலை கடினமானதல்ல, கையைக் கொண்டுபோகும் இடம்தான் சிரமம்.

இந்தக் கண்டுபிடிப்பைத் தமிழ்நாடு நாற்பது ஆண்டுக்கு முன்பே செய்துவிட்டது. ஊர்தோறும் யுனிசெப் உதவியோடு பரவிய இந்தியா மார்க் 2 அடிபம்பில் வாசர் மாற்ற வேண்டுமென்றால் கிணற்றுக்குள் இறங்கிய குழாய் முழுவதையும் மேலே தூக்க வேண்டும். 1980களில் கோயம்புத்தூர் வட்டாரத்தில் உலக வங்கி, ஐ.நா. ஆதரவோடு ஆண்டுக்கணக்கில் சோதனை நடந்தது. தோல் வாசருக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வாசர் போட்டார்கள். அது நெடுநாள் உழைத்தது. குழாயை அகலமாக்கி, அதைத் தூக்காமலே பிஸ்டனை மட்டும் உருவி எடுக்கும்படி மாற்றினார்கள். அதுதான் மார்க் 3. ஒரு வாசரை எளிதாக மாற்றுவதற்கு இவ்வளவு ஆராய்ச்சி. யாரும் சிரிக்கவில்லை. தண்ணீரை உள்ளே கொண்டுவரும் பம்புக்கு உலக வங்கி வரும். அதே வாசரை வைத்து வெளியே அனுப்பும் பம்புக்கு இந்தக் கட்டுரைதான் வந்திருக்கிறது.

உள்ளூர் களத்துக்கு வந்தால் நிலைமை இன்னும் விசித்திரம். இரயுமன்துறையிலிருந்து நீரோடி வரையிலான கரையில், தூத்தூரைச் சுற்றிய எட்டு ஊர்களில், நாட்டின் தலைசிறந்த ஆழ்கடல் மீனவர்கள் இருக்கிறார்கள். சுறாவுக்கும் சூரைக்கும் தூண்டில் போட்டபடி லட்சத்தீவு, ஓமன் கடல், சாகோஸ் தீவுகள்வரை போகிறார்கள். ஒரு படகில் பத்துப் பன்னிரண்டு பேர், முப்பது நாற்பது நாள். படகில் ஜி.பி.எஸ். உண்டு, மீன் தேடும் கருவி உண்டு, டன் கணக்கில் ஐஸ் உண்டு. கழிவறை பெரும்பாலான பழைய படகுகளில் கிடையாது. பின்பக்கத்து விளிம்பும் கையில் ஒரு கயிறும்தான். பிடிப்பதற்கான கயிறு என்ற அளவில் டச்சுக்காரரைவிட முன்னேற்றம். ஆனால் கச்சான் காற்று வீசும் இரவில் அந்த விளிம்பு வேடிக்கையல்ல. படகிலிருந்து தவறி விழுந்தவர்களைப் பற்றிய செய்திகளில் இந்தக் காரணமும் வருகிறது.

சட்டமும் இவர்களை எட்டிப் பார்க்கவில்லை. கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தமான மார்போலின், 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த நான்காம் இணைப்பு, சுத்திகரிக்காத கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், கப்பல் மணிக்கு 4 கடல் மைலுக்குக் குறையாத வேகத்தில் ஓடும்போது, சிறுகச் சிறுக விடலாம் என்கிறது. சர்வதேசப் பயணம் போகும் 400 டன் அல்லது அதற்கு மேற்பட்ட கப்பல்களுக்கும், பதினைந்து பேருக்கு மேல் ஏற்றும் கப்பல்களுக்கும்தான் விதி. தூத்தூர்ப் படகில் பதினாறாவது ஆள் ஏறினால் அது விவாதத்துக்குரிய பொருளாகும். ஏறுவதில்லை.

2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் விசைப்படகுகளுக்கு உயிரிக் கழிவறை பொருத்த உதவி இடம்பெற்றிருந்தது. கழிவைப் பாக்டீரியாவே தின்று தீர்க்கும் இந்த முறை ரயில்களில் வந்தது; 2016 ஜூலையில் மானாமதுரை–ராமேஸ்வரம் பாதையைத் தண்டவாளத்தில் கழிவு விழாத பாதையாக அறிவித்தார்கள். ரயில் கற்றுத் தந்த பாடம் சுருக்கமானது: பாக்டீரியாவுக்குப் பசியுண்டு, ஆனால் பிளாஸ்டிக் பாட்டிலையும் குட்கா பொட்டலத்தையும் அது தொடாது. கைப்பம்பின் ஜோக்கர் வால்வும் அதே கொள்கைக்காரன்தான். வாய்வழி உள்ளே போனது தவிர வேறெதையும் ஏற்காது.

கைப்பம்போ உயிரித் தொட்டியோ, படகில் எங்கே வைப்பது என்பது அடுத்த சிக்கல். ஐஸ் அறைக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. தூண்டில் இழுக்கும் பக்கத்தில் கழிவு வெளியேறக் கூடாது, எதிர்ப்பக்கம் வேண்டும். அதையெல்லாம் படகு கட்டும் ஆசாரி தீர்த்துவைப்பார். அவரால் தீர்க்க முடியாதது பங்குக் கணக்கு. மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாடு போன்ற பொதுச்செலவைக் கழித்துவிட்டுத்தான் மீதியைப் படகுக்காரரும் தொழிலாளரும் பிரித்துக்கொள்கிறார்கள். படகு, எஞ்சின் பழுது படகுக்காரர் தலையில் விழுகிறது. ஜோக்கர் வால்வு இதில் எந்தப் பத்தியில் வரும்? எஞ்சின் பழுதைப் போலப் படகின் செலவு என்று தொழிலாளர் சொல்வார்கள். ஐஸ் போல எல்லோரும் பயன்படுத்தியது, பொதுச்செலவு என்று படகுக்காரர் சொல்வார். பயன்படுத்திய அளவுக்கு வகுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சமரசம் பேசினால், யார் எத்தனை தடவை போனார் என்று படகை நடத்தும் சிராங்கு நோட்டுப் போட்டு எழுத வேண்டியிருக்கும். அந்த வேலைக்கு எந்தச் சிராங்கும் இசையமாட்டார்.