ஹெரால்டுக்கு வந்த வீட்டோட மாப்பிள்ளை

மாத்து மருமவனே, தாராளமா எஞ்சின மாத்து. வேணாம்னா நீ கேக்கவா போற? கும்மிடிப்பூண்டி சிப்காட்ல பகலெல்லாம் மிஷினு நிக்காம பாத்துக்கிறவன், ராவுல ஒரு காரையாவது ஒரேயடியா நிப்பாட்டி வெக்கணும்னு ஆசைப்பட்டா அது நியாயந்தான்.

வாங்குனதும் நல்ல வண்டிதான், குத்தமே சொல்ல மாட்டேன். ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961-ல நம்ம மெட்ராஸ் பக்கம் செய்ய ஆரம்பிச்சது. உருவம் வரைஞ்சவரு மிக்கெலாட்டின்னு ஒரு இத்தாலிக்காரரு. நாலு சிலிண்டரு, 948 சிசி. பானெட்டு ரெண்டு மட்கார்டையும் சேத்துக்கினு அப்படியே முன்னால சாயும். நீ முன் டயர் மேல குந்திக்கினு வேல பாக்கலாம். அந்த வசதிதான் உன்னக் கெடுத்துச்சு. தொறக்க சுலபமா இருக்கே, கழட்டி வேற ஒண்ண வெக்கவும் சுலபமாத்தான் இருக்கும்னு நெனச்சிட்ட. கழட்டறது சுலபந்தாம்ப்பா. ஒரு செயின் பிளாக்கும் நாலு வெட்டிப்பயலும் போதும்.

புதுப்பேட்டையில எவனோ சொன்னானாம், மாருதி எஞ்சின் கச்சிதமா குந்தும்னு. மாருதி 800 எஞ்சின் குறுக்க கெடக்கும், முன் சக்கரத்த ஓட்டும், அது உனக்கு ஒத்துவராதுன்னு நீயே கண்டுபிடிச்சு, ஆம்னி வேன் எஞ்சினுக்குத் தாவிட்டியாம். அது நீளவாக்குல கெடக்குது, பின் சக்கரத்த ஓட்டுது. படிச்ச புள்ளன்னா சும்மாவா? ஆனா அது 796 சிசி, மூணே சிலிண்டரு. குதிரைத்திறன் பாத்தா ரெண்டுக்கும் முப்பத்தஞ்சுக்கு முன்னப்பின்ன. நாலக் குடுத்துட்டு மூண வாங்கிக்கினு வந்து, கூட ரொக்கமும் குடுக்குற மொத வியாபாரி எங்க குடும்பத்துல நீதான்.

வர்றது வீட்டோட மாப்பிள்ளை மாதிரி. தனியாளா வரமாட்டாரு. பழைய கியர்பாக்ஸு போல்ட் ஓட்டை அவருக்குச் சேராது, அதனால தன் கியர்பாக்ஸையும் கூட்டியாருவாரு. அதுக்காக ஜாயிண்ட் ஷாஃப்ட்ட வெட்டி ஒட்டி பேலன்ஸ் பாக்கணும், இல்லன்னா பொன்னேரி தாண்டறதுக்குள்ள பல்லு ஆடும். சேஸிஸ்ல புது மவுண்டிங் வெல்டிங் வெக்கணும். ஹெரால்டு கிளச்சு எண்ணெயில வேல செய்யும், ஆம்னி கிளச்சு கேபிள்ல. சைலன்சர் பைப்பு போற வழி வேற, ரேடியேட்டர் ஓஸு வேற. டைனமோ இருந்த எடத்துல ஆல்டர்னேட்டர். கடைசியில ஸ்பீடாமீட்டரு, நீ நிக்கும்போது இருவதுல ஓடுறேன்னு காட்டும். அத மட்டும் அப்படியே வுட்டுடு, பாக்க சந்தோசமா இருக்கும்.

"கம்பெனியே மாத்துச்சே"ன்னு கேப்ப. மாத்துச்சு. நம்ம திருவள்ளூர்ல 1998-லருந்து மிட்சுபிஷி லான்சர் செஞ்ச ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், அதுக்கு முன்னாடியே அம்பாசடர்ல 1489 சிசிய எடுத்துட்டு 1.8 லிட்டர் இசுசு எஞ்சின வெச்சு, அஞ்சு கியரும் குடுத்தான். பிரீமியர்காரன் 1985-ல ஃபியட் உடம்புல நிசான் எஞ்சின வெச்சு 118 என்.இ.ன்னு வித்தான். அவனுங்ககிட்ட வரைபட ஆபீஸும் ஓட்டிப் பாக்க ஆளும் இருந்துச்சு. உங்கிட்ட ஒரு மாட்டுக்கொட்டாயும், மாடு பேருல ஒரு லோனும் இருக்குது.

இன்னும் பெரிய எஞ்சினா வெக்கலாம்னு ஒரு யோசனை வேற வருதாம். ஹெரால்டு பின் சக்கரம் ரெண்டும் தனித்தனியா ஆடும். வளைவுல வேகமா பூந்தா உள்ளாற மடங்கப் பாக்கும். அடுத்து வந்த கசல் வண்டியில கம்பெனிக்காரனே அத்த எடுத்துட்டு முழு ஆக்சில் போட்டான். எஞ்சின் மட்டும் அதே 948தான், கவனிச்சியா? அவனுக்குத் தெரிஞ்சிருக்கு எது நோவு, எது நோவு இல்லன்னு.

அப்புறம் காயிதம். எஞ்சின் நம்பரு ஆர்.சி.யில கீது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 52-ஆவது பிரிவுன்னு ஒண்ணு கீது, ஆர்.டி.ஓ.வக் கேக்காம வண்டியோட அங்கலட்சணத்த மாத்தக் கூடாதுன்னு. அத்தோட, 2021-ல ஒரு விதி வந்துச்சு. அம்பது வருசம் தாண்டுன வண்டிய பழம்பெரும் வண்டின்னு பதிஞ்சு, நம்பர்ல 'விஏ'ன்னு எழுத்துப் போட்டுக்கலாம். ஆனா எஞ்சினோ பாடியோ பெருசா மாத்தாம மொத உருவத்துலயே இருக்கணும். தாத்தா காலத்து வண்டின்னு ஊருக்குக் காட்டத்தானே வாங்குன? ஆம்னிய உள்ள வெச்சுட்டா அந்த எழுத்துக்கு ஒரு கும்பிடு போட்டுடு.

எனக்குப் புரியாதது ஒண்ணுதான். உன்னச் சுத்தி உருக்குறவன், வார்க்குறவன், கடையறவன். மயிரிழையில பத்துல ஒரு பங்கு அளக்குற கருவி உன் டேபிள் மேலயே கெடக்குது. போர் தேஞ்சிருந்தா ஸ்லீவ் அடிக்கலாம், கிராங்க்க கிரைண்டிங் குடுக்கலாம், வால்வு சீட்டு மாத்தலாம். ஸ்டாண்டர்டு டென்னு, ஹெரால்டு, கசல் மூணுக்கும் அதே 948ங்கறதால சாமான் தேடவும் மூணு வண்டி கீது. இவ்ளோ இருந்தும், "பொக வருது"ன்னு ஒரு வார்த்தையில எஞ்சின தள்ளி வெச்சுட்ட. மொதல்ல கம்ப்ரஷன் பாத்தியா? பாக்கல. திருவள்ளூர் வீரராகவருக்கு வேண்டிக்கினேன்ற. நல்லது. வேண்டுதல் வெல்லத்த கோயில் குளத்துல கரை, பெட்ரோல் டேங்க்ல கரைச்சுடாத.

சரி, மாத்தறதுன்னே முடிவா? பழைய எஞ்சின எடைக்குப் போடாத. கனமான இரும்பு, கடைக்காரன் சிரிச்சுக்கினே வாங்கிக்குவான். சாக்கு போட்டு மூடி, எங்க கொட்டாயில கொண்டாந்து எறக்கு. நீ ஆம்னிய வெச்சு, வெல்டிங் வுட்டு, ஷாஃப்ட்டு ஒதறி, ஆர்.டி.ஓ. ஆபீசு வாசல்ல செருப்பு தேஞ்சு வர்றதுக்குள்ள, நான் நம்ம லேத்துக்காரன்கிட்ட குடுத்து போர் பண்ணி வெக்கிறேன். கூலி மட்டும் இப்பவே குடுத்துட்டுப் போ.