கம்ப்யூட்டர் ஃபீஸ் மட்டும் ஒரிஜினல்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை சாலையோரத் தனியார் பள்ளிகளின் விளம்பரப் பலகைகளைப் படித்துக்கொண்டே வாருங்கள். ஏசி வகுப்பு, ஸ்மார்ட் போர்டு, எல்.கே.ஜி. முதலே கம்ப்யூட்டர்! அப்படிப்பட்ட ஆய்வகம் ஒன்றின் சுவரில் 'திருடாதே' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. அதன் கீழேயுள்ள திரையின் வலது மூலையில், 'விண்டோஸை ஆக்டிவேட் செய்யவும்' என்று மைக்ரோசாஃப்ட் மங்கலாகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறது. நாலாம் வகுப்புப் பிள்ளை இரண்டையும் ஒரே பார்வையில் படித்துவிடும். நீதிபோதனைக்குத் தனி பீரியட் எதற்கு?

படம் வரைய டக்ஸ் பெயிண்ட், விளையாட்டாய்க் கணக்கு பழக ஜிகாம்ப்ரிஸ், புரோகிராம் எழுத ஸ்கிராட்ச். மூன்றுக்கும் காலணா கொடுக்க வேண்டாம், திருடவும் வேண்டாம். "ஓசியில வர்றதுல என்ன சார் தரம் இருக்கும்?" என்பார் தாளாளர். அவர் சட்டைப்பையில் உள்ள ஆண்ட்ராய்டு போன் ஓடுவதே ஓசியில் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவில்தான். 2017 இறுதியிலிருந்து உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. திண்டிவனம் யு.கே.ஜி.க்கு மட்டும் அதன் தரம் போதாது!

தமிழக அரசு மட்டும் சளைத்ததா? 2011-இல் விலையில்லா மடிக்கணினி கொடுத்தபோது, விண்டோஸோடு மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் பாஸ் லினக்ஸையும் போட்டுத் தந்தது. சொல்லிக்கொடுக்கத்தான் போதிய ஆள் இல்லை. பிள்ளைகள் பலர் நேரே கடைக்குப் போய், பாஸை அழித்துவிட்டார்கள். 2019-இல் வந்த பிளஸ் டூ கணினிப் பயன்பாடுகள் புத்தகத்திலோ பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் பாடம். அதன் கடைசிப் பதிப்பு வந்தது 2001-இல். அந்த மாணவர்கள் பிறந்த காலம். அதே வேலைக்கு, இன்றும் புதுப்பிக்கப்பட்டுவரும் ஸ்கிரைபஸ் இலவசமாகக் கிடைக்க, செத்த மென்பொருளுக்குப் பொதுத்தேர்வில் மார்க்! பக்கத்துக் கேரளமோ பள்ளிக் கணினிக் கல்வியை, யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது.

இந்த லட்சணத்தில், விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு இளைஞர்கள் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கட்டற்ற மென்பொருள் சொல்லிக்கொடுக்கிறார்கள். சம்பளம் வாங்குகிற கல்வித்துறை செய்ய வேண்டிய வேலை அது. வாய் நிறையப் பாராட்டி ஒரு சால்வை போர்த்தி அனுப்பிவிடுவோம், நமக்கு வராததா?

பெற்றோர்களே, அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று ஒன்றே ஒன்று கேளுங்கள்: கம்ப்யூட்டர் ஃபீஸுக்கு எங்களிடம் ரசீது இருக்கிறது. மென்பொருளுக்கு உங்களிடம் இருக்கிறதா?