வாசல் வெளிச்சம்

ராஜபாளையத்தில் என் மேசைமேல் இரண்டு மானிட்டர்கள். ஒரே படத்திலுள்ள ஒரே பால்கோவா, இடப்பக்கம் இப்போதுதான் இறக்கியதுபோல வெளுப்பாகவும், வலப்பக்கம் கிண்டியவர் கண்ணயர்ந்துவிட்டதுபோலப் பழுப்பாகவும் தெரிந்தது. போன சனிக்கிழமை முழுக்க இந்தச் சம்பந்திச் சண்டையைத் தீர்ப்பதிலேயே போயிற்று. இரண்டையும் அரைமணி நேரம் சூடேறவிட்டு, கலரிமீட்டர் என்கிற கறுப்புக் குமிழைத் திரைமேல் தொங்கவிட்டு, சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல் என்று கட்டங்கள் மாறுவதைப் பிரதோஷ அபிஷேகம் பார்ப்பதுபோல உட்கார்ந்து பார்த்து, வெண்மைக்கு 6500 கெல்வின், காமாவுக்கு 2.2 என்று கொடுத்து, ஆளுக்கொரு ப்ரொஃபைல் எழுதிவைத்தேன்.

தொண்ணூறுகளில் நான் வேலை பழகிய டிசைன் கடையில் ஒரே மானிட்டர்தான், முதுகு புடைத்த டியூப் ரகம். அதன் கலரை யாரும் நம்பவில்லை, ஆகவே சண்டையும் இல்லை. சிவகாசியிலிருந்து பஸ்ஸில் ப்ரூஃப் வரும், மை வாசனையோடு. கடைக்கார அண்ணாச்சி அதை உள்ளே பிரிக்கவே மாட்டார். "வாசலுக்குக் கொண்டாங்க தம்பி, டியூப்லைட்டுல எல்லாம் செத்த கலரு" என்பார். மலைக்குப் பின்னால் வெயில் இறங்குவதற்குள் பார்த்தாக வேண்டும் என்று அவசரமாகப் படியில் நின்று, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பொட்டலத்தைப் பிரித்து, அச்சிட்ட பால்கோவாவுக்குப் பக்கத்தில் அசல் பால்கோவாவை வைத்து, "மஞ்சள் ஒரு அஞ்சு குறைங்க" என்று தீர்ப்புச் சொல்வார். தீர்ப்பானதும் சாட்சியை நாங்கள் இருவரும் தின்றுவிடுவோம்.

புடவைக் கடையில் அம்மாக்கள் ரவிக்கைத் துணியோடு வாசலுக்கு ஓடியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டர் டிப்ளமோ வாங்கியிருந்த எனக்கு அதெல்லாம் பட்டிக்காட்டுத்தனமாகப் பட்டது. அண்ணாச்சி முதுகுக்குப் பின்னால் சிரித்திருக்கிறேன். பல ஆயிரம் கொடுத்து இந்தக் குமிழை வாங்கிய பிறகுதான் 6500 கெல்வின் எதுவென்று படித்துப் பார்த்தேன். பகல் வெளிச்சமாம்! அதுவும் நம்மூர்ப் பகல் இல்லை, ஐரோப்பாவின் சராசரி நண்பகல் வெளிச்சத்துக்கு ஏறக்குறைய ஒத்த கணக்கு. அண்ணாச்சியின் வாசல்படியைத்தான், சீமை முத்திரை குத்தி, யூஎஸ்பி வயரோடு எனக்கு விற்றிருக்கிறார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பொட்டலம் பெட்டியாகி, பெட்டிக்குப் பளபளப்பும் ஏறியிருக்கிறது. திரைகளும் ஏறக்குறைய ஒத்துப்போய்விட்டன. பேனல் ரகம் வேறு என்பதால் ஓரிழை வித்தியாசம் மட்டும் விடாப்பிடியாக நிற்கிறது. நான் அனுப்பிய பெட்டி டிசைனை ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைக்காரர் வாட்ஸப்பில் பார்த்துவிட்டு, "கொஞ்சம் சிவப்பா இருக்கே சார்" என்கிறார். அவர் போனுக்கு எந்தக் குமிழைத் தொங்கவிட?

பிரிண்ட் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கடை வாசலில் இருவரும் நின்றோம். அசலை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். கலர் சரியாகத்தான் இருந்தது. "எடுத்துக்கோங்க சார்" என்றார். சர்க்கரை இருக்கிறது என்று சொல்லி, பிரிண்டை மட்டும் சுருட்டிக்கொண்டேன்.