எண்களைச் சத்தமில்லாமல் விழுங்கும் ஃபங்ஷன்: செய்முறை

பரனூர் ஸ்டேஷனில் இறங்கி மஹிந்திரா சிட்டிக்கு வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளே, உங்கள் டீம் லீட் ஒருநாள் மழைக்கணக்கு மென்பொருள் ஒன்றைக் கையில் கொடுத்து, "அர்ரேயில் ஒரு நம்பரைப் போடுற ஃபங்ஷன்தானே, லஞ்சுக்குள்ள முடிச்சிடு" என்பார். தாராளமாக முடிக்கலாம். எந்த அர்ரே, எத்தனையாவது இடம், என்ன மதிப்பு என்று மூன்றை வாங்கி, வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். சூட்சுமமெல்லாம் எதைச் சரிபார்க்காமல் விடுகிறோம் என்பதில் இருக்கிறது.

முதலில் அர்ரேயைத் தேர்ந்தெடுங்கள். ஜாவாஸ்கிரிப்ட்டின் சாதாரண அர்ரே எதைப் போட்டாலும் போட்டபடி வைத்திருக்கும். அதில் நமக்கு வேலையில்லை. டைப்டு அர்ரே எடுங்கள். அதிலும் 8 பிட், குறியில்லாத முழு எண் வகை. 0 முதல் 255 வரைதான் கொள்ளும். ஏன் இது என்று கேட்டால் "மெமரி மிச்சம் சார்" என்று சொல்லுங்கள். மேற்கொண்டு யாரும் கேட்கமாட்டார்கள்.

இப்போது தாம்பரம் வருவோம். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அங்கே 49 செ.மீ. மழை, அதாவது 490 மி.மீ. இதை நம் அர்ரேயில் வையுங்கள். எர்ரர் வராது, எச்சரிக்கையும் வராது. 256 கழிந்து 234 என்று சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். 234-ஐப் பார்த்தால் நல்ல மழை மாதிரியே இருக்கும் என்பதால் ஒருவருக்கும் சந்தேகம் வராது. அன்று இன்னும் 22 மி.மீ. பெய்து 512 ஆகியிருந்தால் உங்கள் ரிப்போர்ட்டில் 0. முடிச்சூரில் ஆட்களைப் படகில் ஏற்றிய நாளில், பக்கத்துத் தாம்பரத்தில் பொட்டு மழை இல்லை!

மழைமானி பழுதான நாளுக்குத் தனி ஏற்பாடு எதுவும் வேண்டாம். மதிப்பே வராவிட்டாலும் சரி, எண்ணுக்குப் பதில் "கிடைக்கவில்லை" என்று எழுத்து வந்தாலும் சரி, முழு எண் அர்ரே 0 என்றே எழுதிக்கொள்ளும். மழை இல்லை, மானி இல்லை, இரண்டும் ஒரே கணக்கு. அளவு கிடைக்காத நாளுக்கு -1 அனுப்பும் பழைய ஆட்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு 255 கிடைக்கும். வானிலை மையத்தின் கணக்கில் அது அதிகனமழை. பள்ளிகளுக்கு லீவு விட்டுவிடலாம்.

பத்து இடம் உள்ள அர்ரேயில் பன்னிரண்டாவது இடத்தில் வைத்தால் மதிப்பு போன இடம் தெரியாது. ஆனால் உள்ளேயே இருக்கும் 'செட்' மெத்தடைக் கூப்பிட்டு அளவு தாண்டினீர்களோ, ரேஞ்ச் எர்ரர் என்று கத்திவிடும். அதைத் தொடாதீர்கள், சதுர அடைப்புக்குறியே போதும். பைத்தான் பக்கமும் வேண்டாம். அங்கே எண் அர்ரேக்களுக்கான நம்பை (NumPy) நூலகம் ஒரு காலத்தில் நம்ம ஆள்தான். 2024-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து, 8 பிட்டில் 300-ஐ வைத்தால் ஓவர்ஃப்ளோ எர்ரர் போடுகிறது.

'கிளாம்ப்டு' வகை நல்லது என்று யாராவது யோசனை சொல்வார்கள். திரையில் நிறங்களுக்காகச் செய்தது அது; 255-க்கு மேல் என்ன வந்தாலும் 255-இல் நிறுத்திவிடும். மதுராந்தகம் ஏரி 23.3 அடி நிரம்பியதும் மிச்சம் கலங்கலில் இறங்குகிற மாதிரி. கலங்கல் தண்ணீராவது கிளியாற்றில் கண்ணுக்குத் தெரியும், கரையோர ஊர்களுக்குத் தகவல் போகும். இங்கே தாம்பரத்து மழையில் 235 மி.மீ. காணாமல் போனது யாருக்குத் தெரியும்? ஆகவே இந்த வகையையும் பயன்படுத்தலாம், தப்பில்லை. கலெக்டர் ப்ளேஸ் காலத்தில் அந்த ஏரிக்கரையை ராமரே வில்லோடு நின்று காத்தார் என்பார்கள். உங்கள் கோடு ரிவ்யூவுக்கு அவர் வராதவரை பயமில்லை.

தசமங்களையும் இதிலேயே போடுங்கள். மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் இருப்பது ஏறக்குறைய வடக்கு 12.616, கிழக்கு 80.199. நம் அர்ரேயில் 12, 80. கோயில் 70 கி.மீ. நகர்ந்து, புதுச்சேரிக்கு வடகிழக்கே கடலுக்குள் போய்விடும். ஏழு கோயிலில் ஆறைக் கடல் கொண்டது என்று மாமல்லபுரத்தில் ஒரு பழங்கதை உண்டே, மிச்சமிருந்த ஒன்றையும் நீங்கள் அனுப்பிவிட்டீர்கள். யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 1984-ஐ வைத்தால் 192; பல்லவர்களே அப்போது கிடையாது.

மூத்தவர் யாராவது ஏரியான் 5 ராக்கெட் கதையை எடுப்பார். 1996 ஜூன் 4 அன்று, 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணுக்குள் திணிக்கப் போய், கிளம்பிய 37 நொடிகளில் தடம் மாறிச் சிதறியது. மடக்கிவிடலாம்: "ஏடா மொழி எர்ரர் கொடுத்ததால்தானே சார் கம்ப்யூட்டர் நின்றது? மாற்றுக் கம்ப்யூட்டரும் அதே புரோகிராம், அதே எர்ரர். நம்ம மொழி வாயே திறந்திருக்காது." தப்பான எண்ணோடு எவ்வளவு தூரம் பறந்திருக்கும் என்று கேட்டால் டீ குடிக்கப் போய்விடுங்கள்.

மதிப்பு எண்தானா, 0-க்கும் 255-க்கும் நடுவில்தானா என்று ஒரே ஒரு 'இஃப்' எழுதினால் எல்லாம் கெட்டது. எந்த மானி, எந்த நாள் என்று அந்த நொடியே தெரிந்துவிடும். ஆறு மாதம் கழித்து நான்கு டீம்கள் மெயிலில் அடித்துக்கொள்ள வழியிருக்காது.

டெஸ்ட் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் ஏப்ரல், மே மழையை வைத்து எழுதுங்கள். எல்லாம் பச்சை விழும். ஃபங்ஷனுக்கு 'சேஃப்செட்' என்று பெயர் வைத்து, செப்டம்பர் கடைசிக்குள் வேறு பிராஜெக்ட் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்க எப்படியும் அக்டோபர் நடுப்பகுதி ஆகும்.