பேர் வைக்கிற பெரியப்பா

திருச்சி தில்லை நகரில் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. எதற்குள் நுழைந்தாலும் வாசல் நாற்காலியில் ஒரு பெரியப்பா இருப்பார். பிறந்த நேரத்தை நர்ஸம்மாவிடம் நிமிஷ சுத்தமாகக் கேட்டுக் குறித்துக்கொள்வார். அடுத்த கேள்வி, என்ன குழந்தை.

ஆண் என்றால் சட்டைப் பையிலிருந்து நாலாய் மடித்த தாள் வெளியே வரும். பாட்டன் பேர் முதலில். ரங்கநாதருக்கு ஒன்று, தாயுமானவருக்கு ஒன்று, நட்சத்திர எழுத்துக்கு ஒன்று. பிறகு நியூமராலஜி. கூட்டுத்தொகை 5 வரணும், இங்கிலீஷில் ஒரு 'ஏ' சேர்த்துக்க என்பார். ராத்திரி பதினோரு மணிக்குப் போன் வரும்: "இன்னொரு 'ஏ' போட்டுடு தம்பி." பிறப்புச் சான்றிதழில் பேர் சேர்க்க ஒரு வருஷம் வரை கட்டணம் கிடையாது என்று எந்தப் பாவியோ அவரிடம் சொல்லிவிட்டான். அந்த ஒரு வருஷமும் நம் தூக்கம் போச்சு.

பெண் என்றால் தாள் வெளியே வராது. "மகாலட்சுமி வந்திருக்கா. ஏதாவது நல்ல பேரா நீங்களே வையுங்க" என்று காபி குடிக்கக் கிளம்பிவிடுவார். மலைக்கோட்டையில் செட்டிப்பெண்ணுக்குப் பிரசவம் பார்க்கத் தாயாகவே வந்த தாயுமானவர், என்ன குழந்தை என்று விசாரித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பெரியப்பாவின் அக்கா பேர் போதும்பொண்ணு. வீட்டில் நாலாவது பெண். அடுத்துப் பிறந்தவர் இவர். "பேரோட மகிமையைப் பாத்தியா!" என்று தன்னையே அத்தாட்சியாகக் காட்டுவார். பக்கத்தில் அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பார்.

திருத்தணிப் பக்கம் நாராயணபுரத்தில் 'வேண்டாம்' என்றே பெண்களுக்குப் பேர் வைத்திருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் சாத்தாராவில், வேண்டாதவள் என்று பொருள்படும் 'நகுஷா'க்கள் 285 பேருக்கு 2011இல் விழா எடுத்துப் புதுப்பேர் சூட்டினார்கள். இங்கே அப்படி யாரும் மெனக்கெட்டதாக எனக்குத் தெரியவில்லை.

பெரியப்பா கெட்டவர் இல்லை. அக்காவுக்குச் சர்க்கரை மாத்திரை தீர்வதற்குள் வாங்கி வந்துவிடுவார். ஆனால் எழுபது வருஷமாக ஒரு மனுஷியைப் 'போதும், போதும்' என்று கூப்பிட்டும் அந்த வீட்டில் ஒருத்தருக்கும் நாக்குக் கூசவில்லை. எனக்கு அது ஆறவே மாட்டேனென்கிறது.

"கெஜட்டில் போட்டுப் பேரை மாத்திடலாம் அத்தை" என்றேன்.

"ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் புத்தகம், இத்தனையும் மாத்த எவன் அலையிறது? அவனைக் கேளு."

கேட்டேன். பெரியப்பா பேனாவை எடுத்து 'போதும்பொண்ணு'வை இங்கிலீஷில் எழுதிக் கூட்டினார்.

"5 வருதுப்பா. மாத்தவே கூடாது."