அரிச்சல்முனைக்கு முன்னால் ஓர் ஊர்

தார்ச்சாலை வருவதற்கு முன்பு தனுஷ்கோடிக்குப் போய்வர ஒரு பகல் முழுக்க வேண்டும். ராமேஸ்வரத்துப் பேருந்து முகுந்தராயர் சத்திரத்தோடு நின்றுவிடும். அதற்கப்புறம் மணல்தான். அங்கே நிற்கும் பழைய வேன்களில் ஆள் சேரும்வரை வண்டியை எடுக்க மாட்டார்கள். டயரில் காற்றைக் குறைத்து, அலை வந்துபோன ஈரமணலாகப் பார்த்து ஓட்டுவார்கள். சக்கரம் புதைந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். "கம்பியக் கெட்டியாப் பிடிச்சுக்கங்கண்ணே, பள்ளம் வருது" என்று ஓட்டுநர் குரல் கொடுத்துக்கொண்டே போவார். அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். இது ஸ்டேஷன், அது தண்ணீர்த் தொட்டி, அங்கே தெரிவது தபாலாபீஸ் என்று அவர் கைகாட்டிய பிறகுதான் வெறும் செங்கல் குவியலாகத் தெரிந்த இடம் எங்களுக்கு ஊராகத் தெரிந்தது.

அது எப்பேர்ப்பட்ட ஊர்! 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு, சென்னையில் ஏறியவர்கள் போட் மெயிலில் தனுஷ்கோடி வந்து இறங்கி, கப்பல் மாறித் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு சேர்ந்தார்கள். இர்வின், கோஷன் என்ற அந்தக் கப்பல்களின் பெயரை ராமேஸ்வரத்துப் பெரியவர்கள் வீட்டு மனிதர்களின் பெயர்போலச் சொல்லுவார்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் எல்லாம் போயிற்று. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில், ஊரை நெருங்கும் நேரத்தில் அலையில் அடித்துச் செல்லப்பட்டது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் யாரும் பிழைக்கவில்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்த பிறகும் மீனவர்கள் திரும்பி வந்து ஓலைக்குடிசை போட்டார்கள். இன்றும் இருக்கிறார்கள்.

அந்தக் குடிசைகளின் பக்கத்தில் பெண்கள் கையால் மணலைத் தோண்டி ஊத்து எடுப்பதை அப்போதுதான் முதலில் பார்த்தேன். இரண்டு பக்கமும் கடல். நடுவே குழியில் ஊறும் தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள். "ரெண்டு மடக்கு குடிச்சிட்டுப் போங்கய்யா" என்று ஓர் அம்மா நீட்டினார். துளி உப்பில்லை. மணலில் இறங்கிய மழைநீர் கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்பதால் கிடைக்கும் தண்ணீர் அது. ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும் என்பது அந்தப் பெண்களுக்கு அத்துப்படி. ராமேஸ்வரத்தில் என்ன பார்த்தாய் என்று கேட்டால் கோயிலின் நெடும் பிராகாரத்துக்கு அடுத்து இந்த ஊத்தைத்தான் சொல்லுவேன்.

2017இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. மொத்தம் ஒன்பதரை கிலோமீட்டர். இப்போது கார் நேரே முனைக்குப் போய், நான்கு சிங்கத் தூணைச் சுற்றி நிற்கிறது. இறங்குகிறார்கள், படம் எடுக்கிறார்கள், மதியச் சாப்பாட்டுக்கு ராமேஸ்வரம் திரும்பிவிடுகிறார்கள். சாலை வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். பிரசவ வலி கண்ட பெண்ணை மணலில் வேனேற்றிக் கொண்டுபோன ஊர் அது. பிடித்த மீன் கெடாமல் சந்தைக்குப் போவதும் இந்தச் சாலையால்தான். ஆனால் ஊரைக் கடக்கும்போது காரின் கண்ணாடியைக்கூட இறக்காமல் போகிறார்களே, அதுதான் மனத்தை அறுக்கிறது.

பாம்பனிலும் காலம் மாறியிருக்கிறது. புயலில் சிதைந்த பழைய பாலத்தை இ. ஸ்ரீதரனின் குழு 46 நாளில் சீரமைத்தது. அந்தப் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், கப்பல் வந்தால் ஊழியர்கள் நெம்புகோலைத் தள்ளித் தூக்குப் பகுதியைத் திறந்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் தூக்கு மோட்டார் விசையில் செங்குத்தாக மேலேறுகிறது. சாலைப் பாலத்திலிருந்து அதைப் பார்ப்பது இன்றும் மகிழ்ச்சிதான்.

தனுஷ்கோடியில் கட்டாயம் பார்க்க வேண்டியது கரைவலை. அதற்கு விடியலிலேயே போக வேண்டும். வள்ளம் வலையை விட்டுக்கொண்டே அரைவட்டமாகக் கடலுக்குள் போய் வரும். பிறகு கரையில் இரண்டு வரிசையாக நின்று, ஆணும் பெண்ணும் கயிற்றை இடுப்பில் மாட்டிப் பின்னோக்கி நடந்து இழுப்பார்கள். வரிசைகள் நெருங்கி நெருங்கிக் கடைசியில் வலையின் மடி கரையேறும்போது சூடையும் காரலும் வெள்ளியாகத் துள்ளும். சில நாள் மடியில் பாசியும் சொறியும் மட்டுமே வரும். அன்றைக்குக் கூலியும் இல்லை. பெண்கடல் என்று அவர்கள் சொல்லும் வடகடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். வாடை வீசும் மாதங்களில் அதுவே முரண்டுபிடிக்க, ஆண்கடலான தென்கடல் பக்கம் வலை போகும். கச்சான் காற்றில் நிலைமை மாறும். மழைக்காலம் முடிந்து போகிறவர்கள் கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் பூநாரைகளையும் பார்க்கலாம். புயலுக்குத் தப்பிய கோயில் அது.

ஊரின் இடிபாடுகளுக்கு நடுவே, பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தேவாலயச் சுவரில் பெயரைக் கீறுகிறவர்களைக் கண்டால் கோபம் பொங்குகிறது. உப்புக்காற்று ஏற்கெனவே அந்தக் கல்லைத் தின்றுகொண்டிருக்கிறது. அங்கே ஒரு காவலாள் வேண்டும். எது ஸ்டேஷன், எது தபாலாபீஸ் என்று வருகிறவர்களுக்குக் கைகாட்டிச் சொல்ல உள்ளூர் ஆட்களும் வேண்டும். சாலை வந்ததும் மணலில் வேன் ஓட்டியவர்களுக்கு அந்தப் பிழைப்பு போயிற்று. அவர்களைச் சம்பளம் கொடுத்து இந்த வேலைக்கு வைக்கலாம். அந்த ஊரில் ஒவ்வொரு கல்லும் அவர்களுக்குத் தெரியும்.