சக்கரம் சுத்துது, கணக்கு சுருங்குது

கேள்வி: தோட்டத் தொழிலாளரின் வேலைநாள், சம்பளப் பதிவான செக்ரோல் கணக்கை எக்செலில் பதிகிறேன். மவுஸ் சக்கரத்தை உருட்டினால் பக்கம் கீழே போகாமல் எழுத்து பெருக்கிறது, சிறுக்கிறது. வேர்டில் அதே மவுஸ் சொன்னபடி கேட்கிறது. பேய் பிடித்திருக்குமோ?
– தோட்ட ஆபிஸ் வாசகி, பசறை

பதில்: வேர்டில் ஒழுங்கென்றால் மவுஸ் நிரபராதி, தங்கச்சி. கன்ட்ரோல் கீ சிக்கியிருந்தால் வேர்டிலும் இதே கூத்து நடந்திருக்கும். எக்செலில் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் என்று போங்கள். ‘ஸூம் ஆன் ரோல் வித் இன்டெலிமவுஸ்’ என்ற வரியில் யாரோ டிக் போட்டிருப்பார்கள்; எடுத்துவிடுங்கள். இன்டெலிமவுஸ், மைக்ரோசாஃப்ட் 1996இல் இறக்கிய சக்கர மவுஸ். அதன் பெயர் இன்னும் பென்ஷன் எடுக்காமல் அங்கே உட்கார்ந்திருக்கிறது.

ஒரே உருட்டில் பக்கம் பக்கமாகப் பாய்ந்தால் விண்டோஸின் மவுஸ் செட்டிங்கில் 3 வரி என்று வையுங்கள். எல்லா புரோகிராமிலும் கீழே உருட்ட மேலே போகிறதா? தெமோதரையில் கிளம்பிய பதுளை ரயில் வளைந்து வந்து அதே ஸ்டேஷனுக்கு அடியில் நுழைவது இன்ஜினியர் மூளை. மவுஸ் அந்த வித்தை காட்டினால் பெரும்பாலும் சக்கரத்துக்குள் தூசி. ஊதிப் பாருங்கள். தேயிலைத் தூள் வந்தால் துரையிடம் சொல்லாதீர்கள், அதையும் நிறுத்துக் கணக்கில் ஏற்றச் சொல்வார்.